கூரையில் ஓட்டை போடும் முன்: ஆர்.வி.க்கு எந்த டிவி ஆன்டெனா?

டெக்சாஸில், ஹியூஸ்டன் பக்கம் உள்ள பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்காவில் தாடி போலப் பாசி தொங்கும் ஓக் மரங்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றின் கிளையில்தான் எங்கள் ஆர்.வி.யின், அதாவது டிரக் இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் வீட்டின், டிவி ஆன்டெனா போனது. ஞாயிற்றுக்கிழமை காலை, இடத்தைக் காலி செய்யும் நேரம் நெருங்கிவிட்டது. தண்ணீர்க் குழாயைக் கழற்றினேன், கரண்ட் கேபிளைச் சுருட்டினேன், முட்டுக்கால்களை மடக்கினேன், சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டைகளை எடுத்தேன். எல்லாம் சரி. வண்டி பத்தடி நகர்ந்திருக்கும், பின்னால் நின்ற மனைவி "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார். அதற்குள் மேலே 'டக்' என்று ஒரு சத்தம். முந்தைய இரவு செய்தி பார்ப்பதற்காகத் தூக்கிய ஆன்டெனாவை நான் இறக்கவே இல்லை.

ஒரு சிறகு முறிந்து தொங்கியது. தலைப்பகுதியில் விரிசல். தூக்கும் தண்டு மட்டும் வளையாமல் தப்பியது. சரி, பழைய காலத்து ஆன்டெனாதானே, இந்தச் சாக்கில் நல்லதாக ஒன்று போட்டுவிடலாம் என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு வாரம் தேடியதில் புரிந்தது: நான் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'எது அதிக மைல் இழுக்கும்?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒரே இடத்தில் எத்தனை இரவு தங்குவீர்கள்? இதற்காகக் கூரையில் புதிதாக ஓட்டை போடத்தான் வேண்டுமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆன்டெனாவில் சன் டிவி வராது. கிரிக்கெட்டும் பெரும்பாலும் வராது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "இவ்வளவு பெரிய ஆன்டெனா வச்சிருக்க, ஒரு சீரியல்கூட வரலையே" என்று வருத்தப்பட்டார். வருவது ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ், பி.பி.எஸ். போன்ற உள்ளூர் நிலையங்களும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் பழைய படச் சேனல்களும்தான். எல்லாம் இலவசம், மாதச் சந்தா கிடையாது.

பிறகு எதற்கு இது என்றால், எனக்கு வானிலைக்காக. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் ஹியூஸ்டனைக் கடந்தபோது இருபது லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. வீட்டு இணையம் செத்துவிட்டது, செல்போனில் ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். வீட்டு வாசலில் நின்ற ட்ரெய்லரில் மட்டும் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடியது. 12 வோல்ட் பேட்டரியில் டிவியும் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து செய்தி பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு இந்த ஆன்டெனாவின் மேல் வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

ஆன்டெனாவைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பக்கத்துக் கோபுரங்களைப் பாருங்கள். ஹியூஸ்டனின் பெரிய டிவி கோபுரங்கள் நகரின் தென்மேற்கே மிசௌரி சிட்டி பக்கம் கூட்டமாக நிற்கின்றன. 2000 அடியைத் தொடும் உயரம். லாஸ் ஏஞ்சலஸ் என்றால் மவுண்ட் வில்சன், டாலஸ் என்றால் சீடர் ஹில், சான் ஃபிரான்சிஸ்கோ என்றால் சூட்ரோ கோபுரம். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின் முகவரியைப் போட்டால் எந்த நிலையம், எந்தத் திசை, சிக்னல் எவ்வளவு வலு என்று காட்டிவிடும்.

அதில் இன்னொரு விஷயமும் இருக்கும், பலரும் கவனிக்காதது. திரையில் தெரியும் சேனல் எண் ஒன்று. கோபுரம் உண்மையில் ஒளிபரப்பும் அலைவரிசை எண் இன்னொன்று. 14 முதல் 36 வரை யூ.எச்.எஃப். (குட்டையான அலைகள்), 7 முதல் 13 வரை உயர் வி.எச்.எஃப். (அதைவிட நீளமானவை), 2 முதல் 6 வரை தாழ் வி.எச்.எஃப். (எல்லாவற்றிலும் நீளமானவை). 'டிஜிட்டல் வந்த பிறகு எல்லாமே யூ.எச்.எஃப்.தான்' என்று கடையில் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். ஹியூஸ்டனில் அது முழுப் பொய். பி.பி.எஸ். நிலையமான கே.யு.எச்.டி. 8இல், சி.பி.எஸ். நிலையமான கே.எச்.ஓ.யூ. 11இல், ஏ.பி.சி. நிலையமான கே.டி.ஆர்.கே. 13இல் இருக்கின்றன. மூன்றும் வி.எச்.எஃப். உள்ளங்கை அளவு யூ.எச்.எஃப். ஆன்டெனாவை மாட்டினால் பெரிய நெட்வொர்க்குகளில் பாதி போய்விடும். பிலடெல்பியாவில் இன்னும் மோசம்: அங்கே ஏ.பி.சி. நிலையம் 6இலேயே, தாழ் வி.எச்.எஃப்.பில் இருக்கிறது. ஆர்.வி. கூரைக்கென்று செய்யப்படும் எந்தச் சின்ன ஆன்டெனாவுக்கும் அது கஷ்டம்தான். அந்த அலைகளின் நீளத்துக்கு இவற்றின் கைகள் போதாது.

இப்போது மைல் கணக்கு. பெட்டியில் 120 மைல், 150 மைல் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள். பூமி உருண்டை. 2000 அடி கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை, சமவெளியிலேயே அறுபது எழுபது மைலில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். எந்த ஆன்டெனாவாலும் அதைத் தோண்டி எடுக்க முடியாது. நான் வளர்ந்தது நாகப்பட்டினம். அங்கே சில இரவுகளில் கடல் தாண்டி இலங்கையின் ரூபவாஹினி பளிச்சென்று வரும். மறுநாள் வெறும் புள்ளிதான். கடல் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலை அதற்குள் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும், அவ்வளவுதான். அந்த அதிர்ஷ்டத்தைப் பெட்டியில் அச்சடித்து விற்க முடியாது.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் இன்னொரு வித்தியாசம். அப்போது சிக்னல் மோசமாக இருந்தாலும் புள்ளி மழைக்குப் பின்னால் ஆள் உருவம் தெரியும், வசனம் கேட்கும், படம் பார்த்து முடித்துவிடலாம். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. ஓரளவு வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்பாகிவிடும். அதனால் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா உள்ள சின்ன வித்தியாசம்கூட, எல்லையில் நிற்கும்போது முழுச் சேனலா, ஒன்றுமே இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

சரி, இனி ஆன்டெனாக்களுக்கு வருவோம்.

என் கூரையில் இருந்தது வௌவால் சிறகு விரித்த மாதிரி இருக்கும் வைன்கார்ட் சென்சார் வகை. இங்கே எல்லோரும் பேட்விங் என்பார்கள். பழைய ஆர்.வி.க்களில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கும் போலிருக்கிறது. உள்ளே உட்கூரையில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றச் சுற்ற மேலே தண்டு எழும்பும். எழும்பியதும் நடுவில் உள்ள வளையத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துத் திருப்பினால் தலை திரும்பும். இதன் பலம் இரண்டு: மற்றவற்றைவிட உயரமாக நிற்கும், சிறகு அகலமாக இருப்பதால் உயர் வி.எச்.எஃப். நன்றாகப் பிடிக்கும். யூ.எச்.எஃப்.புக்காக முன்னால் விங்மேன் என்று ஒரு சின்னத் துண்டு பொருத்துவார்கள். 2009இல் அனலாக் ஒளிபரப்பு நின்று பெரும்பாலான நிலையங்கள் யூ.எச்.எஃப்.புக்குப் போனதும் அதற்குத் தேவை வந்தது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் தலைக்குள்ளேயே இருக்கும்.

பலவீனம் என்ன என்று முதல் பத்தியிலேயே பார்த்துவிட்டீர்கள். மறந்து ஓட்டினால் போச்சு. இறக்கும்போதும் வளையத்தில் உள்ள அம்புக்குறியும் உட்கூரைத் தட்டில் உள்ள அம்புக்குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சிறகு குறுக்கே படுத்து ஏ.சி. பெட்டியிலோ சோலார் பலகையிலோ இடிக்கும். அசையும் உறுப்புகள் இருப்பதால் ரப்பர் வளையம் தேய்ந்து தண்டு வழியாக நீர் கசிவதும் உண்டு. இதையெல்லாம் தாண்டி எனக்கு அதைப் பிடிக்கும் என்பதற்கு ஒரு அசட்டுக் காரணமும் இருக்கிறது. நான் உள்ளே திருப்ப, மனைவி டிவி பக்கம் நின்று "வருது... வருது... போச்சு, திரும்பவும் இந்தப் பக்கம்" என்று சொல்லும்போது, மொட்டை மாடியில் அலுமினிய மீன்முள் ஆன்டெனாவை அப்பா திருப்ப, நாங்கள் ஜன்னல் வழியாகக் கத்திய நாட்கள் ஞாபகம் வரும்.

இரண்டாவது, தூக்க வேண்டாம், திருப்பினால் போதும் என்ற வகை. கிங் ஜாக் என்ற பெயரை அதிகம் காணலாம். தட்டையான தலை கூரையோடு கூரையாக நிற்கும், உட்கூரையில் ஒரு குமிழ். திருப்புங்கள், குமிழ் பக்கத்திலேயே சிக்னல் வலுவைக் காட்டும் விளக்குகள் ஏறி இறங்கும். மனைவியைக் கத்த விட வேண்டாம். இறக்க மறந்தாய் என்ற பேச்சுக்கே இடமில்லை, அப்படியே ஓட்டலாம். மூன்று நான்கு இரவு தங்குபவர்களுக்கு, புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால், நான் முதலில் காட்டுவது இதைத்தான். குறை, அது தாழ நிற்பது. பக்கத்திலேயே ஏ.சி. பெட்டி இருந்து, கோபுரம் அந்தத் திசையிலேயே இருந்தால், ஏ.சி.யின் தாமிரச் சுருளும் தகரமும் குறுக்கே நிற்கும். உயர் வி.எச்.எஃப்.பிலும் அந்தக் குட்டைத் தலை பேட்விங்குக்குக் கொஞ்சம் பின்னால்தான்.

மூன்றாவது, கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும் வட்ட வகை. வைன்கார்டின் ஏர் 360 போன்றவை. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும்; திருப்ப ஒன்றும் இல்லை, தூக்க ஒன்றும் இல்லை. புதிய வண்டிகளில் தொழிற்சாலையிலேயே இதைத்தான் மாட்டி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு இரவும் ஒரு ஊர் என்று போகிறவர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

ஆனால் எல்லாத் திசையிலும் காது வைப்பவன் எந்தத் திசையிலும் கூர்மையாகக் கேட்க முடியாது. முப்பது முப்பத்தைந்து மைலுக்குள் சமாளிக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொன்றாக உதிரும். எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை, பக்கத்து வண்டியின் மலிவு எல்.இ.டி. விளக்கு கக்கும் இரைச்சல், எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கும். ஒரே ஒரு சூழ்நிலையில் இது திசை ஆன்டெனாவை ஜெயிக்கும். ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில் நியூ ப்ராவுன்ஃபெல்ஸ் பக்கம் தங்கினால் ஒரு நகரம் வடகிழக்கே, மற்றது தென்மேற்கே. திசை ஆன்டெனாவை ஒரு பக்கம் திருப்பி டிவியில் சேனல் தேடி முடித்து, பிறகு மறுபக்கம் திருப்பித் தேடினால் பல டிவிகள் முதல் பட்டியலை அழித்துவிடும். வட்ட வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான்காவது, கூரையைத் தொடவே தொடாத வழி. ஏணியில் கட்டிய கொடிக்கம்பத்தின் உச்சியில் ஒரு சின்ன மீன்முள் ஆன்டெனா. பெரும்பாலான ஆர்.வி.க்களின் பக்கவாட்டில் கேம்ப்கிரவுண்ட் கேபிளைச் செருக ஒரு துளை இருக்கும், ஆர்.ஜி.6 என்ற டிவி கேபிளை அதில் மாட்டிவிட்டால் உள்ளே எல்லா டிவிக்கும் போய்விடும். உயரமும் கூர்மையும் சேர்ந்தால் மற்ற மூன்றையும் இது தோற்கடிக்கும். குளிர்காலம் முழுக்க ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வந்து தங்கும் வட மாநிலத்துப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு இரவுக்காக இதை எழுப்பி, கயிறு கட்டி, மறுநாள் பிரிப்பது என்றால் ஆளைவிடுங்கள். இடி முழங்கினால் இறக்கியே ஆக வேண்டும், அதுவும் மழை வருவதற்கு முன்னால்.

ஐந்தாவதாக, ஆன்டெனாவே வேண்டாம், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் போதும் என்பவர்கள். ஏற்கெனவே வேலைக்காக வைத்திருந்தால் நியாயம்தான், சீரியலும் வரும். மாதச் சந்தா, மரத்தடியில் வானம் மறைந்தால் விட்டுவிட்டு வருவது, பேட்டரியில் பத்துக்கணக்கான வாட் இழுப்பது ஆகியவை அதன் விலை. ஆன்டெனா பூஸ்டர் இழுப்பது ஒரு நைட் லேம்ப் அளவுகூட இல்லை. ஃப்ரியோ ஆற்றங்கரையில் கார்னர் மாநிலப் பூங்கா மாதிரி சுற்றிலும் குன்று சூழ்ந்த இடத்தில் மேலே சொன்ன எந்த ஆன்டெனாவும் உங்களுக்கு உதவாது. அங்கே வானத்தைப் பார்க்கும் தட்டு மட்டும்தான் பேசும். நானானால் அங்கே டிவியை அணைத்துவிட்டு ஆற்றில் இறங்குவேன்.

பேட்விங்கோ ஜாக்கோ சட்டியோ, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலும் நூறிலிருந்து இருநூறு டாலர் பக்கம்தான். அதனால்தான் ஓட்டையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். நூறு டாலர் ஆன்டெனாவுக்காகப் போட்ட ஓட்டையில் சொட்டு நீர் இறங்கினால், அது உள்ளே ஒட்டுப்பலகையை இரண்டு வருடம் சத்தமில்லாமல் ஊறவைத்து, ஒருநாள் கூரையில் நடக்கும்போது கால் அமுங்கும். அதைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும்.

இப்படி யோசித்ததும் என் முடிவு நானே எதிர்பாராத பக்கம் திரும்பியது. என் கூரையில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது, தண்டு நேராக இருக்கிறது, அடித்தளம் கசியவில்லை. ஜாக்கையோ சட்டியையோ அங்கே மாட்டினால் பழைய அடித்தளத்தைப் பெயர்த்து, பழைய ஓட்டையை மூடி, புதிதாக ஒன்று போட வேண்டும். பழைய தண்டிலேயே பொருந்தும் மாற்றுத் தலைகள் தனியாகக் கிடைக்கின்றன. ஜாக்கின் தலையைக்கூடப் பேட்விங் தண்டில் மாட்டும்படி விற்கிறார்கள். ஹியூஸ்டனின் மூன்று வி.எச்.எஃப். நிலையங்களை நினைத்து, எதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கிளம்பினேனோ அந்த வௌவால் தலையையே திரும்ப வாங்கினேன்.

புதுத் தலையில் இன்னொரு லாபமும் உண்டு. 2017இல் முடிந்த ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியைச் செல்போன் நிறுவனங்கள் வாங்கின. டிவி நிலையங்கள் 2020 ஜூலைக்குள் 36ஆம் எண் வரையிலான பகுதிக்குள் ஒதுங்கின. பழைய பூஸ்டர்கள் செல்போனுக்குப் போன அந்தப் பகுதியையும் சேர்த்தே பெருக்கும். பக்கத்தில் செல்போன் கோபுரம் இருந்தால் அந்தக் கூச்சலில் டிவி சிக்னல் முங்கிப்போகும். உங்களிடம் இருப்பது பழையதென்றால் பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும், செல்போன் அலைகளைத் தடுக்கும் எல்.டி.இ. வடிகட்டியை இடையில் மாட்டிப் பாருங்கள்.

தலை மாற்றுவது அரைமணி நேர வேலை. பூஸ்டர் ஸ்விட்சை அணைத்தேன், தண்டைப் பாதி தூக்கினேன், கேபிளைக் கழற்றினேன், இரண்டு ஊசிகளை உருவிப் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். கேபிள் நுனித் திருகில் வெயிலும் உப்புக்காற்றும் பட்டுப் பச்சை பூத்திருந்தது. வெட்டிப் புது நுனி போட்டேன். கியரில் சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம். உள்ளே கைப்பிடி வெண்ணெய் மாதிரி சுற்றியது.

நண்பர் ஒருவரின் கதை வேறு. அவருடையது கிளாஸ் சி மோட்டார் வீடு, அதாவது இழுக்க டிரக் வேண்டாத, தானே ஓடும் வண்டி. கூரையில் ஆன்டெனாவே இல்லை, ஒவ்வொரு இரவும் ஒரு ஊர். அவருக்குச் சட்டிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்ட நானும் ஏறினேன்.

முதல் வேலை கேபிளுக்கு வழி. புது ஓட்டை போடாமல் கேபிளை உள்ளே இறக்க ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூடு வெளியேறக் கூரையில் ஒரு புகைக்கூண்டு இருக்கும். அதன் மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினால் கீழே ஃப்ரிட்ஜ் பின்புறம் வரை நேர் வழி. சூடான குழாய்களைத் தொடாமல் ஓரமாகக் கேபிளை இறக்கி, அங்கிருந்து அலமாரிக்குள் கொண்டுபோனோம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் உள்ள புது வண்டிகளில் இந்தக் கூண்டு இருக்காது. அங்கே கேபிளுக்கென்று ஒரு துளை போட்டு, மேலே மூடி போட்ட கேபிள் வாய் ஒன்றை வைத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது இடம். ஏ.சி.யிலிருந்து முடிந்த அளவு தள்ளி, சோலார் பலகை மேல் நிழல் விழாமல், கீழே பலகை கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்தோம். கையால் தட்டிப் பார்த்தாலே சத்தத்தில் தெரியும். வைத்த பிறகு தரையிலிருந்து உச்சி வரை அளந்து அந்த எண்ணைக் கண்ணாடிக்கு மேல் ஒட்டினோம். பெட்ரோல் பங்க்கின் கூரைக்குக் கீழே நுழையும்போது யோசிக்க நேரம் இருக்காது.

அப்புறம் பசை. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. முதலில் உங்கள் கூரை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்: ஈ.பி.டி.எம். ரப்பரா, டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் விரிப்பா, ஃபைபர்கிளாஸா, அலுமினியமா. நண்பருடையது ஈ.பி.டி.எம்.; கையால் தேய்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அதைப் பெட்ரோலியம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். அடித்தளத்துக்குக் கீழே பியூட்டைல் டேப் என்ற பிசின் நாடா, அதன் மேல் வைத்துத் திருகு, பசை ஓரமாகப் பிதுங்கி வரும் வரை இறுக்கம். பிறகு திருகுத் தலைகள் மேலும் ஓரம் முழுக்கவும் டைகோர் நிறுவனத்தின் தானே பரவும் வகைப் பசை. தோசை மாவு ஊற்றியது மாதிரி அது தானாகப் பரவிச் சமமாகும். விரலால் தடவ வேண்டாம், தடவினால்தான் கெடும். இது தட்டைக் கூரைக்கு மட்டும். சரிவில் ஊற்றினால் வழிந்து பக்கவாட்டில் கோடு போடும், அதற்கு வழியாத வகை தனியாக இருக்கிறது.

சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். நான் ட்ரெய்லரை வாங்கியபோது முந்தைய உரிமையாளர் ஒரு பட்டறையில் கொடுத்துப் பூசிய சிலிக்கான் காற்றுப் போக்கியைச் சுற்றி இருந்தது. பார்க்கப் பளபளவென்று அழகு. ஓரத்தை நகத்தால் தூக்கினேன், ரப்பர் பேண்டு மாதிரி ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. கீழே பலகை கறுத்திருந்தது. அது ரப்பர் கூரையில் சரியாக ஒட்டாது. அது விட்டுப்போகும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. எதைப் பூசினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே வந்தால் சுவரில் பூஸ்டர் தட்டு. சின்ன விளக்கும் ஒரு ஸ்விட்சும் இருக்கும். பூஸ்டருக்கான 12 வோல்ட் இதிலிருந்து கேபிள் வழியாகவே கூரைக்கு ஏறுகிறது. ஸ்விட்ச் போட்டிருந்தால் ஆன்டெனா. அணைத்தால் வெளியே கேம்ப்கிரவுண்ட் கேபிள் செருகும் துளையோடு டிவி இணைந்துவிடும். 'ஆன்டெனா கெட்டுவிட்டது' என்று எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இந்த ஸ்விட்ச்தான். கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் பக்கத்துத் துளையில் செருகுபவர்களுக்குத் தலைகீழ்: ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும்.

நண்பரின் வண்டியில் எல்லாம் மாட்டி, விளக்கும் எரிந்து, ஒரு சேனல்கூட வரவில்லை. மல்டிமீட்டரை எடுத்தேன். சுவர்த் தட்டின் பின்னால் கேபிளின் நடுக் கம்பியில் 12 வோல்ட் இருந்தது. கூரையில் சட்டிக்குக் கீழே வரும் நுனியில் பூஜ்ஜியம். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தால், முந்தைய உரிமையாளர் படுக்கையறை டிவிக்காகக் கேபிளைப் பிரிக்க ஒரு சின்ன ஸ்பிளிட்டர் வைத்திருந்தார். அந்த வகை வழியாக மின்சாரம் ஏறாது. பூஸ்டர் பட்டினியாகக் கிடந்தது. ஸ்பிளிட்டரைச் சுவர்த் தட்டுக்குப் பிறகு டிவி பக்கம் மாற்றியதும் சரியானது. அதன் பிறகும் 'சேனல் இல்லை' என்றது டிவி. மெனுவில் 'கேபிள்' என்று இருந்ததை 'ஆன்டெனா' என்று மாற்றித் தேடவிட்டோம், ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தது. ஊர் மாறும்போதெல்லாம் இந்தத் தேடலை மறுபடி செய்ய வேண்டும்; முந்தைய ஊரின் பட்டியல் இந்த ஊருக்கு உதவாது.

போன நவம்பரில் கால்வெஸ்டன் தீவுப் பூங்காவில் இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மிசௌரி சிட்டி கோபுரங்கள் அங்கிருந்து வடமேற்கே நாற்பது மைல் சொச்சம், நடுவில் சமவெளி. சட்டியின் எல்லை அது. நண்பருக்கு யூ.எச்.எஃப். நிலையங்கள் எல்லாம் வந்தன. 13 மட்டும் காற்றடிக்கும்போதெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது, 8 வரவே இல்லை. நான் சுற்றித் தூக்கி, வடமேற்கே திருப்பி, மூன்று வி.எச்.எஃப். நிலையங்களையும் பிடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது, அன்று இரவு எல்லோரும் எங்கள் வண்டியில்தான் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை அவர் சாவியைத் திருகினார், கையசைத்தார், போய்விட்டார். நான் டிரக் சாவியைத் தேடினேன். ஆன்டெனா மேலே இருக்கும் வரை சாவி உட்கூரைக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பனோடு தொங்கும்; அது என் மனைவியின் சட்டம். கைப்பிடியைச் சுற்றி இறக்காமல் சாவி என் கைக்கு வராது.